ஜோனா லோமு: ஆட்டமும் நோயும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோனா லோமுவைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு காணொலியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். 1995 ரக்பி உலகக் கோப்பையில் இங்கிலாந்து வீரர் ஒருவரின் மேலேயே ஏறி ஓடிய காணொலி அது. அந்தச் சில நொடிகளுக்கு முன்னும் பின்னும் இருந்த வாழ்க்கையைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லோமு யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நியூசிலாந்தின் ரக்பி யூனியன் வீரர். 1975 மே 12 அன்று ஆக்லாந்தில் பிறந்தார். பெற்றோர் டோங்கா தீவுகளைச் சேர்ந்தவர்கள். 'ஆல் பிளாக்ஸ்' எனப்படும் நியூசிலாந்து தேசிய அணிக்காக 1994 முதல் 2002 வரை 63 டெஸ்ட் போட்டிகளில் (ரக்பியில் டெஸ்ட் என்றால் இரு நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) ஆடி 37 ட்ரை அடித்தார். ரக்பி உலகம் முழுக்க அறிந்த முதல் பெரிய நட்சத்திரம் அவர்தான். ரக்பி என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் அவர் பெயர் தெரிந்திருந்தது. தன் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியைப் பழுதான சிறுநீரகங்களோடு ஆடி முடித்தவர் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

எனக்கு ரக்பி தெரியாது. ட்ரை, விங் என்றெல்லாம் சொல்கிறார்களே?

அணிக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிட ஆட்டம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். எதிரணிப் பக்கத்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை, 5 புள்ளி. பந்து வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே தள்ளுவது டேக்கிள்.

கபடியில் பாடிப்போனவர் தன்னைப் பிடித்த நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுவாரே, அந்த உடல் முயற்சியை நூறு மீட்டர் நீள மைதானத்தில், முழு ஓட்டத்தில் நினைத்துப் பாருங்கள். லோமுவின் ஆட்டம் கிட்டத்தட்ட அதுதான்.

விங் என்பது மைதானத்தின் ஓரத்தில் நிற்பவரின் இடம். வேகமாக ஓடுவதுதான் அவர் வேலை. அதனால் பொதுவாக ஒல்லியான, சுறுசுறுப்பான ஆட்களையே அங்கே நிறுத்துவார்கள். லோமு 1.96 மீட்டர் உயரம், எடை ஏறக்குறைய 120 கிலோ. ஸ்கிரமில், அதாவது இரு அணியின் கனத்த ஆட்கள் கூட்டமாகப் பிணைந்து மோதும் இடத்தில், முட்டித் தள்ள வேண்டிய உடம்பை இடது விங்கில், 11ஆம் எண் சட்டையில் நிறுத்தினார்கள். அப்படி ஒன்றை எதிரணிகள் அதுவரை பார்த்ததில்லை.

அவருடைய இளமைக்காலம் எப்படி இருந்தது?

கடினமானது. சின்ன வயதில் கொஞ்ச காலம் டோங்காவில் உறவினர்களிடம் வளர்ந்தார். பிறகு தெற்கு ஆக்லாந்தின் மாங்கரே பகுதி. பசிபிக் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். தெருவில் கும்பல் சண்டை, வீட்டில் அப்பாவின் அடி உதை. இரண்டையும் லோமுவே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இந்தச் சூழலில் இருந்தால் பையன் கைவிட்டுப் போய்விடுவான் என்று அம்மா வெஸ்லி கல்லூரி என்ற விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். ஆக்லாந்துக்குத் தெற்கே, புக்கெகோஹே ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. ரக்பிக்குப் பேர்போனது. ஓட்டப் பந்தயம், எறிதல், தாண்டுதல் என்று எதில் நிறுத்தினாலும் அங்கே ஜெயித்தார். ரக்பியில் அப்போது அவர் விங் வீரர் இல்லை. முட்டித் தள்ளும் முன்கள ஆட்டக்காரர்களோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். விங்குக்கு மாறியது பிறகுதான்.

முதல் போட்டியிலேயே கலக்கினாரா?

இல்லை. 1994 ஜூன் 26, கிறைஸ்ட்சர்ச், பிரான்சுக்கு எதிராக முதல் டெஸ்ட். அன்று அவருக்கு வயது 19 ஆண்டு 45 நாள். அதுவரை நியூசிலாந்துக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அவரே இளையவர். ஆனால் விங் இடத்துக்கே புதியவர். எங்கே நிற்பது, எப்போது முன்னே வருவது, தலைக்கு மேல் பந்து உதைக்கப்பட்டால் எப்படித் திரும்புவது எல்லாம் அனுபவத்தில் வருகிற விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பலவீனத்தைக் கண்டுகொண்டார்கள். இரண்டு டெஸ்டிலும் நியூசிலாந்து தோற்றது. லோமு அணியை விட்டு வெளியே போனார்.

அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அவரை எடுப்பார்களா என்பதே கடைசி வரை சந்தேகமாக இருந்தது. பயிற்சியாளர் லாரி மெய்ன்ஸ் நடத்திய உடற்பயிற்சி முகாம்களில் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். சோம்பேறித்தனம் என்றுகூடப் பேச்சு வந்தது. சில மாதங்களில் தெரியவந்த நோயை வைத்துப் பார்த்தால், அந்தப் பையனின் உடம்புக்குள் அப்போதே என்ன நடந்துகொண்டிருந்ததோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1995 அரையிறுதியில் உண்மையில் என்ன நடந்தது?

ஜூன் 18, கேப் டவுன், நியூலாண்ட்ஸ் மைதானம். எதிரே இங்கிலாந்து. ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இடது ஓரத்துக்கு ஒரு நீளமான பாஸ் வருகிறது. நல்ல பாஸ் இல்லை. லோமு திரும்பி, துள்ளிய பந்தைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. சாதாரணமாக அந்த இடத்தில் தாக்குதல் செத்துப்போகும். அவர் எடுத்த எடுப்பில் வெளிப்பக்கமாகச் சுற்றி டோனி அண்டர்வுட்டைத் தாண்டுகிறார். கேப்டன் வில் கார்லிங் பாய்ந்து குதிகாலைத் தட்டிவிட, லோமு தடுமாறுகிறார். விழப்போகிறார் என்று தோன்றும் அந்த நேரத்தில் எதிரே கடைசி ஆளாக மைக் காட். விலகி ஓட இடமும் இல்லை, சமநிலையும் இல்லை. நேராகக் காட்டின் மேலேயே போய், ட்ரை.

காணொலியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவர் காட்டை மிதிக்க வேண்டும் என்று மிதிக்கவில்லை. தடுமாறிய உடம்பு விழாமல் முன்னே போனது, வழியில் காட் இருந்தார். அந்த எடை, அந்த வேகத்தில், சமநிலை இழந்தும் நிற்காமல் போனதுதான் ஆச்சரியம்.

அன்று மொத்தம் நான்கு ட்ரை. நியூசிலாந்து 45, இங்கிலாந்து 29. லோமுவுக்கு அப்போது இருபது வயது. மைக் காட் பிற்பாடு 2003இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் இருந்தவர். அந்த ஒரு நொடியை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை.

அப்படியானால் நியூசிலாந்து ஏன் கோப்பையை வெல்லவில்லை?

இறுதிப் போட்டி ஜூன் 24, ஜொகன்னஸ்பர்க், எல்லிஸ் பார்க். தென்னாப்பிரிக்கா முதல் நிமிடத்திலிருந்தே லோமுவை ஓட விடவில்லை. அவர் கைக்குப் பந்து வந்த உடனே இரண்டு மூன்று பேர் பாய்ந்தார்கள். குறிப்பாக யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹெய்சன் தாழ்வாகக் காலைப் பிடித்து வீழ்த்திய டேக்கிள் பெயர்பெற்றது. உயரமான ஆளை மார்பில் முட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே கட்ட வேண்டும் என்று அன்றுதான் உலகம் கற்றுக்கொண்டது. போட்டிக்குச் சில நாள் முன்பு நியூசிலாந்து வீரர்கள் பலருக்கு வயிற்றுக் கோளாறும் வந்திருந்தது.

இரு அணியும் ஒரு ட்ரைகூட அடிக்கவில்லை. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த டிராப் கோலில் (பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) 15–12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. மண்டேலா தென்னாப்பிரிக்கக் கேப்டனின் 6ஆம் எண் சட்டையோடு கோப்பையைக் கொடுத்த நாள் அது.

அப்போது ரக்பி வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

அதிகாரபூர்வமாகக் கிடையாது. ரக்பி யூனியன் அதுவரை அமெச்சூர் ஆட்டம். ஆடுவதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆசிரியர், காவலர், விவசாயி, வங்கி ஊழியர் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேலை இருக்கும்.

1995இல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியது. இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளின் ரக்பி சங்கங்களும் ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனோடு பத்தாண்டு தொலைக்காட்சி ஒப்பந்தத்தை அறிவித்தன. மதிப்பு 55 கோடி அமெரிக்க டாலர். இன்னொரு பக்கம் ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெர்ரி பேக்கரின் ஆதரவோடு ஒரு போட்டி லீக் வீரர்களை வளைத்துப்போடப் பார்த்தது. ஆகஸ்ட் இறுதியில் சர்வதேச வாரியம் அமெச்சூர் விதியையே எடுத்துவிட்டது.

இதற்கெல்லாம் லோமு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பேச்சுவார்த்தைகள் முன்பே தொடங்கிவிட்டன. ஆனால் தொலைக்காட்சிக்கு விற்க ஒரு முகம் வேண்டும், அந்த முகம் அவருடையது. ரக்பி லீக் (பதின்மூன்று பேர் ஆடும் வேறு வகை ரக்பி) அணிகளும் அமெரிக்கக் கால்பந்து அணிகளும் அவரை அழைத்தன. கூடுதல் பணம் அங்கே இருந்தது. அவர் ஆல் பிளாக்ஸை விட்டுப் போகவில்லை.

அவருக்கு என்ன நோய்?

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு. 1995 இறுதியில் கண்டறியப்பட்டது.

நல்ல சிறுநீரகம் இரத்தத்திலுள்ள கழிவை வெளியேற்றி, புரதத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். இந்த நோயில் வடிகட்டும் பகுதி சேதமாகி, புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிறது. இரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் திசுக்களில் தேங்கும்; கணுக்கால், முகம், கண் இமை வீங்கும். சிறுநீரில் நுரை வரும். எப்போதும் அசதி. தொற்று எளிதில் வரும், இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டும், உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளும் தருவார்கள். அவையே ஆளைச் சோர்வாக்கும்.

ஒரு விளையாட்டு வீரருக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். பயிற்சி செய்தால் உடம்பு தேற வேண்டும். இவருக்கு உடம்பு தேறத் தேவையான புரதமே வெளியே போய்க்கொண்டிருந்தது.

அந்த நோயோடு எப்படி அத்தனை வருடம் ஆடினார்?

விட்டுவிட்டுத்தான். 1997இன் பெரும்பகுதி சிகிச்சையிலேயே போனது. ஆண்டு இறுதியில் அணியோடு பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்குத் திரும்பிவிட்டார். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் முதல் முறையாக எழுவர் ரக்பி சேர்க்கப்பட்டது. இறுதியில் பிஜியை வீழ்த்தித் தங்கம் வென்ற நியூசிலாந்து அணியில் லோமுவும் இருந்தார். மலேசிய வாசகர்களில் சிலர் நேரிலேயே பார்த்திருக்கக்கூடும்.

1999 உலகக் கோப்பையைத்தான் நான் அவருடைய உச்சம் என்பேன். முதல் போட்டியே பெற்றோரின் நாடான டோங்காவுக்கு எதிராக, இரண்டு ட்ரை. இங்கிலாந்துக்கு எதிராக டுவிக்கன்ஹாமில் பாதி மைதானத்துக்கும் மேல் ஓடி ஒன்று. இத்தாலியோடு இரண்டு, ஸ்காட்லாந்தோடு ஒன்று, அரையிறுதியில் பிரான்சோடு இரண்டு. மொத்தம் எட்டு. 1995இல் அவர் யாரென்று எதிரணிகளுக்குத் தெரியாது. 1999இல் ஒவ்வொரு அணியும் அவருக்கென்றே திட்டம் போட்டுக்கொண்டு வந்தது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை, அப்படியும் முன்னதைவிட ஒன்று அதிகம்.

2000 ஜூலை 15 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தை மைதானத்தில் 1,09,874 பேர் பார்த்தார்கள். நியூசிலாந்து 24–0 என்று முந்தியது, ஆஸ்திரேலியா சமன்செய்து முந்தியது, கடைசி நிமிடத்தில் லோமு ஓரக்கோட்டை ஒட்டிக் கால் வெளியே படாமல் ஓடி அடித்த ட்ரையில் 39–35. எடையைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் அந்தக் கால்களைப் பார்க்க வேண்டும்.

கடைசி டெஸ்ட் 2002 நவம்பரில், கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக. அப்போது வயது 27தான்.

தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரு ட்ரைகூட அடிக்கவில்லை என்பது உண்மையா?

உண்மை. பன்னிரண்டு டெஸ்ட் ஆடியும் ஒன்றுகூட இல்லை.

உடம்பு பெரிது, அதனால் ஜெயித்தார்; திறமை பெரிதாக இல்லை என்கிறார்களே?

இதை நான் ஏற்கவில்லை. அவருக்குப் பிறகும் பெரிய உடம்புக்காரர்கள் விங்கில் ஆடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் லோமு ஆகிவிடவில்லை. அவர் ஓட்டத்தைக் கவனித்தால் தெரியும்: டேக்கிளுக்கு வருபவர் எந்தக் காலில் எடை வைக்கிறார் என்று பார்த்து, கடைசி நொடியில் தோளைத் திருப்பி, கையால் தள்ளிவிட்டுப் போவார். தோளோடு தோள் முட்டியது குறைவு; எதிராளி அவரை முழுசாகத் தொட்டதே குறைவு. பந்தைப் பெரும்பாலும் ஒரு கையிடுக்கில் வைத்துக்கொள்வார், இன்னொரு கை அதற்குத்தான்.

தடுப்பாட்டத்தில் குறை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னால் உதைக்கப்பட்ட பந்துக்குத் திரும்பி ஓடுவதில் மெதுவானவர். திரும்பத் திரும்ப ஓடும் தெம்பு குறைவு என்ற புகாரும் கடைசி வரை இருந்தது. அந்தப் புகாரை எழுதியவர்கள் அவர் சிறுநீரகத்தின் நிலையையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

மாற்றுச் சிறுநீரகம் யார் கொடுத்தது?

2003இல் நிலைமை மோசமாகி, வாரத்துக்குப் பலமுறை டயாலிசிஸ் என்றானது. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, நடப்பதே சிரமமாயிற்று. சக்கர நாற்காலிதான் கதி என்ற நிலைகூட வந்தது.

வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரியாமா அவருடைய நண்பர். தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். 2004 ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை உலகக் கோப்பையையும் ட்ரை எண்ணிக்கையையும் மட்டும் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகள், நியூசிலாந்தில் உறுப்பு தானம் பற்றி எழுதத் தொடங்கின. பின்னாளில் லோமுவும் சிறுநீரக நோயாளிகளுக்கான அறப்பணிகளில் தொடர்ந்து ஈடுபட்டார். கெரியாமா ஆரோக்கியமாக இருந்துகொண்டே, தனக்கு எந்த மருத்துவத் தேவையும் இல்லாத ஒரு பெரிய அறுவைக்கு ஒப்புக்கொண்டவர். லோமுவைப் பற்றி எழுதும்போது அவர் பெயரை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகும் ரக்பி ஆடினாரா? அது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். மாற்றுச் சிறுநீரகத்தைப் பொதுவாக அடிவயிற்றின் முன்பக்கம், தோலுக்கு அருகில் வைப்பார்கள். சொந்தச் சிறுநீரகத்துக்கு இருக்கும் விலா எலும்பின் காவல் அதற்கு இல்லை. அதனால் முட்டி மோதும் விளையாட்டு வேண்டாம் என்பதே மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது.

லோமு கேட்கவில்லை. 2005 ஜூனில் டுவிக்கன்ஹாமில், இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மார்ட்டின் ஜான்சனுக்காக நடந்த சிறப்பு ஆட்டத்தில் இறங்கி ஒரு ட்ரையும் அடித்தார். அதிலேயே தோளில் காயம், அறுவை சிகிச்சை. டிசம்பரில் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்குத் திரும்பினார். அங்கே ஒரே ஒரு ட்ரை. 2006இல் நியூசிலாந்துக்கு வந்து நார்த் ஹார்பர் மாகாண அணிக்கு ஆடினார். 2007 உலகக் கோப்பைதான் குறி. ஆனால் அதற்கு வழியான சூப்பர் 14 தொடரின் (நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா அணிகள் மோதும் தொடர்) அணி எதுவும் அவரை எடுக்கவில்லை. 2007இல் ஓய்வு அறிவித்தார். 2009இல் பிரான்சின் கீழ்மட்டப் பிரிவில் மார்செய் பக்கத்து வித்ரோல் அணிக்காகவும் கொஞ்ச நாள் ஆடினார்.

பழைய வேகம் வரவே இல்லை. அதை வைத்து இந்த வருடங்களை வீண் என்று எழுதுகிறவர்கள் உண்டு. டயாலிசிஸ் படுக்கையிலிருந்து எழுந்து இரண்டே ஆண்டுக்குள் தொழில்முறை ரக்பி ஆடிய மனிதரைப் பார்த்து அப்படி எழுத எனக்கு மனம் வராது.

எப்படி இறந்தார்?

2011இல் மாற்றுச் சிறுநீரகமும் செயலிழந்தது. அந்த ஆண்டு நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பையின் தொடக்க விழாவில் தோன்றியவர், சில வாரத்துக்குள் மருத்துவமனையில் இருந்தார். மீண்டும் டயாலிசிஸ். 2015 உலகக் கோப்பைக்காக இங்கிலாந்து போனபோதும் அங்கேயே டயாலிசிஸ் எடுத்துக்கொண்டுதான் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார். திரும்பும் வழியில் குடும்பத்தோடு துபாயில் தங்கிவிட்டு ஊர் வந்தார். 2015 நவம்பர் 18 அன்று ஆக்லாந்து வீட்டில் திடீரென இறந்தார். வயது 40. நீண்டகால சிறுநீரக நோய் இதயத்தையும் பாதிக்கும்.

மனைவியும் இரண்டு சின்னப் பையன்களும். மகன்களின் 21ஆவது பிறந்தநாள் வரையாவது இருக்க வேண்டும் என்று சில மாதம் முன்புதான் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். ஈடன் பார்க் மைதானத்தில் நடந்த பொது அஞ்சலியில் பழைய சக வீரர்கள் பெட்டியைச் சுமந்தார்கள். வெஸ்லி கல்லூரி மாணவர்கள் மாவோரி மரபு நடனமான ஹாகா ஆடினார்கள்.

நிறைய சம்பாதித்திருப்பாரே, குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது?

எதிர்பார்த்த அளவு இல்லை. அவர் இறந்த பிறகு, மகன்களின் படிப்புக்கும் வளர்ப்புக்கும் நியூசிலாந்து ரக்பி வீரர்கள் சங்கம் ஓர் அறக்கட்டளை தொடங்க வேண்டியிருந்தது. தாராளமாக அள்ளிக் கொடுப்பவர் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆடிய காலம் குறைவு, தொழில்முறை ரக்பி அப்போதுதான் பிறந்திருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அவர் சாதனைகளை யாராவது முறியடித்தார்களா?

உலகக் கோப்பைகளில் மொத்தம் 15 ட்ரை என்ற சாதனையை 2015இல் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா சமன்செய்தார். 2023 தொடர் முடியும்வரை இருவரையும் யாரும் தாண்டவில்லை. ஹபானாவுக்கு மூன்று தொடர்கள், லோமுவுக்கு இரண்டு, பதினொரு ஆட்டம். ஒரே தொடரில் எட்டு என்பதை ஹபானா, ஜூலியன் சவேயா, வில் ஜோர்டன் மூவரும் சமன்செய்திருக்கிறார்கள்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறேன். எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

1995 அரையிறுதியை எப்படியும் பார்ப்பீர்கள். அதற்கு முன் 1999 அரையிறுதியைப் பாருங்கள், டுவிக்கன்ஹாம், பிரான்ஸ் 43, நியூசிலாந்து 31. லோமுவின் அணி தோற்ற ஆட்டம்தான். 24–10 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, பிரான்ஸ் தொடர்ந்து 33 புள்ளி எடுப்பதைத் தடுக்க முடியாமல் போனது. ஆனால் அவருடைய இரண்டு ட்ரைகளில் ஒன்றில், பிரெஞ்சுக்காரர்கள் அடுத்தடுத்து வந்து மோத மோத அவர் கோடு வரை போவதைப் பார்க்கலாம். கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. சுருக்கக் காணொலி வேண்டாம், முழு ஆட்டமாகவே பாருங்கள். பந்து கையில் இல்லாத நேரத்தில் எதிரணியின் எத்தனை கண்கள் அவர் பக்கமே இருக்கின்றன என்பது அதில்தான் தெரியும்.